ஏலத்தில் போட்ட டாலர்

1

இந்த ஊரில் என் பெயர் சூசி. சூசை என்று எழுதிக் கொடுத்ததை அவர்கள் சூசி என்று படித்தார்கள். அது இங்கே பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் என்று எனக்குத் தெரிவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் திருத்துவதற்கு அலுப்பாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

லண்டனில் பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் ஏலம் விடுகிற ஒரு கம்பெனியில் வேலை. வேலை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பச்சை வெல்வெட் தட்டுகளில் உருப்படிகளை எண் வரிசையாக அடுக்க வேண்டும். ஏலத்துக்கு முந்தின நாள் வியாபாரிகள் பார்வையிட வருவார்கள், அவர்கள் மேசைக்குத் தட்டைக் கொண்டுபோய், அவர்கள் பார்த்து முடித்ததும் எண்ணிச் சரிபார்த்துத் திரும்ப எடுத்து வர வேண்டும். ஏலத்தன்று மேடைக்குக் கீழே நின்று ஒவ்வொரு உருப்படியாகத் தூக்கிக் காட்ட வேண்டும். பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு செம்புப் பதக்கம் கைக்கு வந்தது. தலையில் கம்மாசாரி பற்றவைத்த மொத்தமான வளையம். அதில் பொறித்திருந்த ராஜா தலைக்கு மூக்கு இல்லை. விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வாங்கியவன் எண்ணும் பெயரும் குத்தியிருப்பார்கள். இதில் கூலி அருளப்பன் என்று இருந்தது. அது என் தகப்பனார்.

நெஞ்சு பதறியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பதறவில்லை. எண்ணைச் சரிபார்த்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். 

2

நான் ஆசிரியர் வேலைக்கென்று அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவன். உத்தமபாளையத்தில் ஆறு வருடம் சரித்திரமும் பூகோளமும் நடத்தியிருக்கிறேன். இங்கே கல்வி அலுவலகத்தில் என் சான்றிதழை ஒரு அம்மாள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மொழி?" என்று கேட்டாள். அது இங்கிலீஷ்தான். முத்திரை கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். பிறகு மூன்று விண்ணப்பப் பாரம், நான்கு கடிதம், கடைசியில் இல்லை என்று ஒரு வரி. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். அதன்பிறகு இந்தத் தட்டு.

ஊருக்கு எழுதும்போது 'தட்டுத் தூக்குகிறேன்' என்று எழுத மனம் வரவில்லை. 'ஏலக் கம்பெனியில் நல்ல உத்தியோகம்' என்று எழுதினேன். அங்கேதான் வந்தது வினை. கம்பம் பள்ளத்தாக்கில் ஏலம் என்றால் என்ன? போடியிலிருந்து மலைக்குப் போகிற ஜீப்பெல்லாம் எதற்குப் போகிறது? ஏலக்காய்க்குத்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கை செலின் படித்துக் காட்டியதும், மகன் லண்டனில் ஏலக்காய் யாவாரத்தில் பெரிய ஆளாகிவிட்டான் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.

எழுபதில் லீவுக்குப் போயிருந்தபோது போடியிலிருந்து எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஒருவர் என்னைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, அங்கன கிலோ என்ன வெல போகுது? எட்டு மில்லிப் பருமன் காயி கேப்பாகளா?"

அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியொரு பெருமை முகத்தில். நான் என்ன செய்ய? "எட்டு மில்லிக்குத்தான் கிராக்கி" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "நானும் அதத்தேன் சொல்லிக்கிட்டிருக்கேன், இவனுக கேட்டாத்தான" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அதோடு எங்கள் ஊரில் நான் நிரந்தரமாக ஏலக்காய் வியாபாரியாகிவிட்டேன்.

செலினுக்கு மட்டும் தெரியும். கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருக்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. கடிதம் எழுதும்போதும் அப்படித்தான். "நாஞ் சொல்லுறத மட்டும் எழுது, ஒன் கைச்சரக்கச் சேக்காத" என்பது அம்மாவின் கட்டளை. செலின் ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். அந்தக் கடிதங்களில் அவள் எனக்கென்று ஒரு வரி எழுதியதே இல்லை.

3

என் அய்யா இருபது வயதில் அந்தப் போரில் பட்டாளத்துக் கூலியாகச் சேர்ந்து ஈராக்கில் இருக்கிற பஸ்ராவுக்குப் போனவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார், ரோட்டுக்குக் கல் உடைத்தார். எங்கள் ஊரிலிருந்தே சிப்பாயாகப் போன இன்னொருவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. கூலிகளுக்குச் செம்பு. வெள்ளி வாங்கியவர் வீட்டில் அதை உருக்கி மகளுக்குக் கொலுசு பண்ணிவிட்டார்கள். செம்பை உருக்கி என்ன பண்ண? அது தப்பித்தது.

ஒரு பக்கம் ராஜா தலை. இன்னொரு பக்கம் குதிரைமேல் ஒரு ஆள். குதிரைமேல் ஆள் என்றால் எங்கள் ஊரில் அது புனித சந்தியாகப்பர்தான், வேறு பேச்சே கிடையாது. பழைய பங்குச் சாமியார் ஒருவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் கொடுத்துவிட்டார். அவருக்குக் கண் பார்வை குறைவு. அதைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்து அய்யா கழுத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு விவரம் தெரிந்தபிறகு, அந்த ஆள் உடம்பில் பொட்டுத் துணி இல்லை என்று அம்மாவிடம் காட்டினேன்.

"ஏலே, இருந்த துணிதாண்டா. நாந்தான் வருசா வருசம் புளி போட்டுத் தேச்சுத் தேச்சு அழிச்சுப்புட்டேன்" என்றது அம்மா. "ராசா மூக்கு போனாப்புல அதுவும் போச்சு."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். குத்துவிளக்கு, தண்ணீர்ச் செம்பு, அய்யாவின் பதக்கம் எல்லாம் ஒரே கூடையில் கிடக்கும். புதுச் செம்பு மாதிரி மின்ன வேண்டும் அம்மாவுக்கு. இந்தத் தொழிலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, பதக்கத்தைத் தேய்ப்பதைவிடப் பெரிய பாவம் இவர்களுக்கு இல்லை. அழுக்கும் கறுப்புமாக இருந்தால்தான் விலை.

4

அந்த எழுபதாம் வருட லீவில்தான் அய்யா அதைக் கழற்றினார். பஸ் ஏறுகிற நாள். என் மகள் பிலோமினாவுக்கு நாலு வயது. அவள் கழுத்தில் தானே போட்டுவிட்டார்.

"பேத்தி போட்டுக்கிடட்டும். பஸ்ராவுல சந்தியாகப்பரு என்னயக் காத்தாரு, அங்கன இவளக் காப்பாரு."

"ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்னலே, நான் இங்கனதான கெடக்கேன்" என்றார். ஆனால் பஸ் கிளம்புகிறபோது அவர் கை வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

லண்டன் வந்து பிலோமினா ஒரு வாரம் போட்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். கழற்றி எறிந்தவள்தான், அப்புறம் தொடவில்லை. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லவும் அந்த வருடம்தான் ஆரம்பித்தாள். பதக்கம் மூன்று வருடம் மேசை இழுப்பறையில் ஊசிநூலோடு கிடந்தது.

அதை ஒருநாள் கம்பெனிக்கு எடுத்துப்போய் பதக்கப் பிரிவு மேலாளர் பெல்லமியிடம் காட்டினேன். பெருமைக்குத்தான். அவர் லென்ஸை எடுத்து விளிம்பைப் பார்த்தார். வெள்ளி மூட்டை மூட்டையாக வரும், செம்பு அபூர்வம் என்றார். அடுத்த ஏலத்தில் போடலாமா, ஏலப் பட்டியல் புத்தகத்தில் பெயர் அச்சடித்து வரும் என்றார்.

காசுக்காக நான் சம்மதிக்கவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. எங்கள் ஊரில் எல்லோரும் செம்பு செம்பு என்று இளக்காரம் பண்ணிய சாமான். கூலி அருளப்பன் என்ற பெயர் லண்டனில் அச்சில் வருகிறது என்பது எனக்குத் தலைக்கேறிவிட்டது. வந்தது. இரண்டு எழுத்துப் பிழையோடு வந்தது. பெயருக்குக் கீழே 'தேய்த்துக் கெடுக்கப்பட்டது, வளையம் பற்றவைக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். அம்மா ஐம்பது வருடம் தேய்த்ததற்கு அதுதான் பட்டயம். பதினெட்டு பவுண்டுக்கு யாரோ எடுத்தார்கள். தூக்கிக் காட்டியதும் நான்தான்.

ஊருக்கு எழுதவில்லை. எழுதலாம் எழுதலாம் என்று இருந்து எழுதவில்லை.

5

அடுத்த வருடம் கடிதம் வந்தது.

"சூசைக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஒங்க அய்யாவுக்கு ஒடம்புக்கு ஆகல. சோறு எறங்கல. கண்ணும் தெரியல. டாலரு டாலருன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. எழுதுனா அனுப்பிருவான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒடனே அனுப்பி வையி."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவரை என்னிடம் ஒரு காசு கேட்டிராத மனுசன், போகிற நேரத்தில் டாலர் கேட்கிறாரே என்று. யாரோ வெளிநாடு என்றால் டாலர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"டாலரு அமெரிக்காவுல. இங்க பவுண்டுன்னு அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் என் மனைவி ரெஜினா. "கேட்டுட்டாக, அனுப்பிருங்க. சாகப்போற மனுசன்."

வங்கிக்குப் போனேன். அப்போதெல்லாம் இங்கே வெளிநாட்டுப் பணம் வாங்க ஆயிரம் கட்டுப்பாடு. பாஸ்போர்ட்டைக் காட்டு, எங்கே பயணம் சொல் என்றான் குமாஸ்தா. "நான் எங்கும் போகவில்லை, டாலர்தான் போகிறது" என்றேன். அவன் சிரிக்கவில்லை, பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைசியில் ஏலத்துக்கு வந்திருந்த அமெரிக்க வியாபாரி ஒருவரிடம் பவுண்டைக் கொடுத்து ஒரு இருபது டாலர் நோட்டு வாங்கினேன். தபாலில் பணம் வைப்பது குற்றம். வெளிச்சத்தில் தெரியாமலிருக்கக் கார்பன் தாளுக்குள் மடித்து வைத்து அனுப்பினேன். கூடவே இரண்டு வரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. பதக்கத்தைப் பற்றி அப்போதாவது எழுதியிருக்கலாம்.

அய்யா தவறிவிட்டார் என்று தந்தி வந்தது. போக முடியவில்லை. லீவு இல்லை, டிக்கெட்டுக்கும் வழியில்லை. அது முடிந்து ஒரு மாதம் கழித்துக் கடிதம்.

"நீ அனுப்புன நோட்டு வந்த அன்னைக்கு அய்யா உசுரோட இருந்தாக. மறுநா விடியக்குள்ள தவறிட்டாக. அவுக கேட்டது நோட்டு இல்லப்பா. கழுத்துல கெடந்த டாலரு. சந்தியாகப்பரு டாலரு. சரி விடு. பேத்தி கழுத்துலயே கெடக்கட்டும்."

சங்கிலியிலும் கயிற்றிலும் கோர்த்துப் போடுகிறதை நம் பக்கத்தில் டாலர் என்போம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் மறந்திருந்தது. பத்து வருடத்தில் ஒரு சொல் என்னை விட்டுப் போயிருந்தது, போனதும் தெரியவில்லை.

ரெஜினா அழுதாள். நான் மறுநாள் வேலைக்குப் போய்த் தட்டு அடுக்கினேன். அந்த நோட்டு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் எழுதவில்லை. டாலர் பேத்தியிடம் இருக்கிறதா என்று அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்கும். இருக்கிறது என்று எழுதுவேன். எட்டு வருடம் அப்படியே எழுதினேன்.

6

அந்தப் பதக்கம்தான் போன மாதம் திரும்பத் தட்டில் வந்து கிடந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு ஆகிறது. அதன் கண் மூடுவதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

கம்பெனி ஆட்கள் கூட்டத்தோடு நின்று ஏலம் கேட்கக் கூடாது. முன்கூட்டியே சீட்டில் உச்ச விலை எழுதிக் கொடுக்கலாம், ஏலம் விடுகிறவர் நமக்காகக் கேட்பார். நாற்பது என்று எழுதிக் கொடுத்தேன். பெல்லமி சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மற்றச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏலத்தில் அதன் எண் வந்ததும் எடுத்துத் தூக்கிக் காட்டினேன். பத்தில் ஆரம்பித்து முப்பது வரை விறுவிறுவென்று ஏறியது. அதற்குமேல் மூன்றாம் வரிசையில் ஒரு தாடிக்காரர் மட்டும்தான். அவருக்கும் என் சீட்டுக்கும் போட்டி. என் சீட்டு நாற்பதில் நின்றது. தாடிக்காரர் பென்சிலை உயர்த்தினார். நாற்பத்திரண்டு. ஏலம் விடுகிறவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சுத்தியலைத் தூக்கினார்.

இரண்டு கையிலும் தட்டு. கையைத் தூக்க முடியாது.

"நாப்பத்தஞ்சு!" என்றேன்.

தமிழில். பதினாறு வருடமாக அந்த அறையில் நான் வாய் திறந்ததில்லை. திறந்தபோது அதுதான் வந்தது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

"என்ன சொன்னாய், சூசி?" என்றார் ஏலம் விடுகிறவர்.

இங்கிலீஷில் சொன்னேன். பெல்லமி எழுந்து மேடைக்குப் போய் ஏலம் விடுகிறவர் காதில் ஏதோ சொன்னார். என் வேலை போச்சு என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். தாடிக்காரர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். சுத்தியல் என் பெயருக்கு விழுந்தது. வேலையும் போகவில்லை.

சாயங்காலம் பிலோமினாவிடம் காட்டினேன். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள்.

"யாருப்பா இந்த அருளப்பன்?" இங்கிலீஷில்தான் கேட்டாள்.

"உன் தாத்தா."

"ஓ" என்றாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "இதைத்தான் நான் போட்டிருந்தேனா? கழுத்து அரித்தது" என்று சொல்லிவிட்டு, பத்திரமாகத்தான், என் உள்ளங்கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். குற்றம் அவளுடையதில்லை. தாத்தா பெயரை நான் எப்போது சொல்லிக் கொடுத்தேன்?

7

தபாலாபீசில் சுங்கப் பாரம் நீட்டினார்கள். உள்ளே என்ன என்று கேட்டாள் ஜன்னலில் இருந்த பெண். யோசிக்காமல் "டாலர்" என்றேன். தபாலில் பணம் அனுப்பக் கூடாது என்று பாரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு விளக்கிச் சொல்லி, பிரித்துக் காட்டி, 'பழைய செம்புப் பதக்கம் ஒன்று' என்று எழுதி ஒட்டினோம்.

உள்ளே ஒரு கடிதம் வைத்திருந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தது. 'விற்றுவிட்டேன்' என்று எழுதக் கை வரவில்லை. 'அம்மா, என்னை மன்னித்துவிடு. அய்யாவின் டாலரை நான் ஏலத்தில் போட்டுவிட்டேன். இப்போது எடுத்து அனுப்பியிருக்கிறேன்' என்று எழுதினேன். அவ்வளவுதான் முடிந்தது.

நேற்று பதில் வந்தது.

"சூசைக்கு அம்மா எழுதிக்கொள்வது. டாலரு பத்திரமா வந்து சேந்துச்சு. ஏலத்துல போட்டுட்டேன்னு எழுதியிருக்க. நல்லதுதான், ஒங்கிட்ட இல்லாத ஏலமா? அதுல போட்டு வச்சா செம்பு கறுக்காது போல. மோந்து பாத்தேன், வாசம் ஒண்ணும் இல்ல. அம்புட்டுத் தூரம் வந்துருக்குல்ல, போயிருக்கும். இதுக்குப் போயி மன்னிப்பு எதுக்குலே? நீ வெசனப்படாத. அய்யா டாலரு இல்லாமப் போகல. நீ அனுப்புன நோட்ட மடிச்சுத் துணியில வச்சுத் தச்சு, கறுப்புக் கயித்துல கோத்து அவுக கழுத்துல போட்டுவிட்டேன். டாலரு வந்துருச்சுன்னு சொன்னேன். தடவிப் பாத்தாக. எம் மவன் அனுப்பிட்டானான்னு கேட்டாக. அனுப்பிட்டான்னேன். அப்பறம் கேக்கல. கையி அதுமேலதான் இருந்துச்சு. அதோடதான் கல்லறைக்குப் போனாக. இத நான் போட்டுக்கிட்டேன். புளி போட்டுத் தேச்சுட்டேன், பளிச்சுன்னு இருக்கு."

படித்து முடித்து மேசையில் கவிழ்ந்தேன். எட்டு வருடத்து அழுகை. ரெஜினா பக்கத்தில் வந்து நின்றாள். வெகுநேரம் கழித்து உறையில் போடுவதற்காகத் தாளை மடித்தபோதுதான், மடிப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்ததைப் பார்த்தேன். அம்மா சொல்லி எழுதியதில்லை.

"அண்ணே, அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீ எந்த ஏலத்தில் போட்டாய் என்று நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. செலின்."